ஓட்டு ரகசியம், நோட்டும் ரகசியமா?

ஓட்டுச் சாவடியில் ஒரு சின்ன மறைப்பு இருக்கும். அதற்குள் ஒரு நேரத்தில் ஒருவர்தான் போகலாம்.

கோடீஸ்வரர் போனாலும் ஒரு ஓட்டு. கூலிக்காரர் போனாலும் ஒரு ஓட்டு. மாமியார் யாருக்குப் போட்டார் என்று மருமகளுக்குத் தெரியாது. தொழிலாளி யாருக்குப் போட்டார் என்று முதலாளிக்குத் தெரியாது.

அந்த மறைப்பு ஏழைக்குக் காவல். “எனக்குப் போடாவிட்டால் வேலை போய்விடும்” என்று யாரும் அவரை மிரட்ட முடியாது. மிரட்டினாலும், அவர் யாருக்குப் போட்டார் என்று கண்டுபிடிக்க முடியாது.

ஆனால், தேர்தலில் ஓட்டு மட்டுமா இருக்கிறது? பணமும் இருக்கிறது. மேடை, கொடி, சுவரொட்டி, ஒலிபெருக்கி, கார், விமானம், டெலிவிஷன் விளம்பரம் என்று எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும்.

அந்தப் பணத்தைக் கொடுப்பவர் யார்? அதையும் மறைப்புக்குள் வைக்கலாமா?

இந்தக் கேள்வி 1957-ம் ஆண்டில் பம்பாய் ஐகோர்ட்டுக்குப் போயிற்று. 2024-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு அதற்குப் பதில் சொன்னது. இடையில் 67 ஆண்டுகள்! அந்தக் கதை இது.

இரும்புக் கம்பெனியின் விருப்பம்

ஜாம்ஷெட்பூரில் டாட்டா இரும்புத் தொழிற்சாலை இருக்கிறது. அதை நடத்திய கம்பெனி, அரசியல் கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க விரும்பியது.

நினைத்தவுடன் கொடுக்க முடியவில்லை. ஏன்?

ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு சாசனம் உண்டு. கம்பெனி என்னென்ன காரியம் செய்யலாம் என்று அதில் எழுதி இருக்கும். கட்சி நன்கொடை பற்றி டாட்டா கம்பெனியின் சாசனத்தில் இல்லை. புதிதாகச் சேர்க்க வேண்டும். அதற்கு அந்தக் காலச் சட்டப்படி கோர்ட்டின் அனுமதி வேண்டும்.

ஒரு பங்குதாரர் அதை எதிர்த்தார். வழக்கு, தலைமை நீதிபதி எம்.சி.சக்ளா முன் வந்தது.

பங்குதாரர் என்றால் யார்? கம்பெனியில் பணம் போட்டவர். அவர்களில் லட்சாதிபதியும் உண்டு, சிறு சேமிப்பைப் போட்டவரும் உண்டு. ஒருவருக்கு ஒரு கட்சி பிடிக்கும். இன்னொருவருக்கு வேறு கட்சி பிடிக்கும். இருவர் பணமும் ஒரே பெட்டியில் இருக்கிறது. அதில் இருந்து ஒரு கட்சிக்கு அள்ளிக் கொடுத்தால் நியாயமா?

நீதிபதி எச்சரிக்கை

தீர்ப்பு வந்தது. கம்பெனிக்கு அனுமதி கிடைத்தது! கம்பெனி நன்கொடையைத் தடுக்கும் சட்டம் எதுவும் அன்று இல்லை. ஆகவே, கோர்ட்டு அனுமதித்தது.

ஆனால், சக்ளா அதோடு நிறுத்தவில்லை. மனதில் பட்டதைத் தீர்ப்பிலேயே எழுதி வைத்தார். பெரிய கம்பெனிகளின் பணம் கட்சிகளுக்குப் போவது ஆபத்து என்றார். அந்த ஆபத்து வளர்ந்து, ஒரு நாள் ஜனநாயகத்தின் குரல்வளையையே நெரிக்கக் கூடும் என்றார். இதற்கு ஒரு வரம்பு கட்டுங்கள் என்று பாராளுமன்றத்துக்கு யோசனை சொன்னார்.

அதே சக்ளா மறு வருடம் நாடு முழுவதும் பேசப்பட்டார். முந்த்ரா என்ற வியாபாரியின் கம்பெனிப் பங்குகளில், ஆயுள் இன்சூரன்ஸ் கார்ப்பரேஷன் சுமார் 1¼ கோடி ரூபாயைப் போட்டது ஏன் என்று விசாரிக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. அது பொதுமக்கள் கட்டிய பணம். ஆகவே, விசாரணையைப் பொதுமக்கள் முன்னிலையிலேயே நடத்தினார். கூட்டம் தாங்கவில்லை. உள்ளே இடம் கிடைக்காதவர்கள் கேட்பதற்காக வெளியே ஒலிபெருக்கி வைத்தார்கள். 24 நாட்களில் வேலை முடிந்தது. நிதி மந்திரியாக இருந்த சென்னைத் தொழில் அதிபர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவியை விட்டு விலகினார்.

பொதுமக்கள் பணத்தின் கணக்கைப் பொதுமக்கள் முன்னால் பிரிக்க வேண்டும் என்பதை அந்த விசாரணை காட்டியது.

மொய் நோட்டு

கம்பெனி பணம் கொடுத்தால் என்ன கெட்டுவிடும் என்று சிலர் கேட்கலாம்.

நம் வீட்டுக் கல்யாணத்தை நினைத்துப் பாருங்கள். வாசலில் மேஜை போட்டு மொய் எழுதுகிறார்கள். பெயர், ஊர், தொகை எல்லாம் நோட்டில் ஏறும். ஏன்? நாளைக்கு அவர் வீட்டில் விசேஷம் வந்தால், நாம் திருப்பிச் செய்ய வேண்டும். நோட்டைப் பார்த்துத்தான் செய்வோம்.

கட்சிக்குக் கம்பெனி கொடுக்கும் பணமும் ஒருவகை மொய்தான். கொள்கை பிடித்துக் கொடுப்பவரும் உண்டு. ஆனால், திருப்பி எதிர்பார்த்துக் கொடுப்பவரும் உண்டே! அவர் என்ன எதிர்பார்ப்பார்? ஒரு காண்டிராக்ட். ஒரு சுரங்கம். ஒரு வரிச் சலுகை. அல்லது, தன் மீது உள்ள விசாரணை மெதுவாக நடக்க வேண்டும் என்ற ஆசை.

கல்யாண மொய்யைத் திருப்பிச் செய்வது நம் சொந்தப் பணத்தில். கட்சிக்கு வந்த மொய்யைத் திருப்பிச் செய்தால், அது சர்க்கார் பணத்தில். அதாவது, உப்பும் புளியும் வாங்கி வரி கட்டுகிற எல்லோருடைய பணத்தில்!

அதனால்தான் அந்த மொய் நோட்டை மக்கள் பார்க்க வேண்டும்.

வரம்பு வந்தது, தடை வந்தது

1960-ல் பாராளுமன்றம் வரம்பு கட்டியது. ஒரு கம்பெனி ஆண்டுக்கு 25 ஆயிரம் ரூபாய் கொடுக்கலாம். அல்லது, முந்தைய 3 ஆண்டு லாபத்தின் சராசரியில் 100-க்கு 5 வீதம் கொடுக்கலாம். இரண்டில் எது அதிகமோ, அதுவே வரம்பு. கொடுத்ததைக் கணக்கில் காட்ட வேண்டும்.

தமிழ்நாட்டைச் சேர்ந்த கே.சந்தானம் தலைமையில், லஞ்ச ஒழிப்புக்கு வழி சொல்ல ஒரு கமிட்டி அமைந்திருந்தது. 1964-ல் அறிக்கை கொடுத்தது. கம்பெனிகள் கட்சிகளுக்குப் பணம் கொடுப்பதையே நிறுத்த வேண்டும் என்று அந்தக் கமிட்டி சொன்னது.

அந்தக் காலத்தில் தொழிற்சாலை தொடங்கவும், பெரிதாக்கவும் சர்க்கார் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் கொடுப்பவர் மந்திரி. மந்திரியின் கட்சிக்கு நன்கொடை கொடுப்பவர் முதலாளி. இரண்டும் ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போட்டுக்கொள்ளாமல் இருக்குமா?

ஆளும் காங்கிரசுக்குப் பணம் போயிற்று. ராஜாஜி 1959-ல் தொடங்கிய சுதந்திரா கட்சிக்கும் போயிற்று.

1969-ல் இந்திரா காந்தி ஆட்சி, கம்பெனி நன்கொடையை அடியோடு தடை செய்தது. எதிர்க்கட்சிகளின் வருமானத்தை அடைக்கத்தான் இந்தத் தடை என்றும் பேச்சு எழுந்தது.

தடை வந்ததும் பணம் நின்றதா? இல்லை. முன்வாசலில் வந்த பணம் கொல்லைப்புறமாக வந்தது. செக் போய், ரொக்கம் வந்தது. கட்சிகள் மலர் வெளியிட்டன. அதில் கம்பெனிகள் விளம்பரம் கொடுத்தன. விளம்பரம் என்ற பெயரில் நன்கொடை!

1985-ல் ராஜீவ் காந்தி ஆட்சியில் தடை நீங்கியது. 100-க்கு 5 என்ற வரம்போடு நன்கொடை திரும்பி வந்தது. 2013-ல் வரம்பு ஏழரை ஆயிற்று. எந்தக் கட்சிக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று கம்பெனி தன் கணக்கில் எழுத வேண்டும் என்ற விதி அப்போதும் இருந்தது.

உடைந்த பூட்டுகள்

2017 பிப்ரவரி 1. மத்திய பட்ஜெட் நாள். நிதி மந்திரி அருண் ஜெட்லி ஒரு புதுத் திட்டத்தை அறிவித்தார். அதன் பெயர் தேர்தல் பத்திரம்.

கட்சிகளுக்குப் பெயர் தெரியாமல் ரொக்கம் வருகிறது, அதைக் குறைத்துப் பாங்கி வழியாகக் கொண்டு வருவோம் என்பது சர்க்கார் சொன்ன காரணம்.

அதோடு, பழைய பூட்டுகள் உடைந்தன. ஏழரை சதவீத வரம்பு நீங்கியது. இனி ஒரு கம்பெனி எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். நஷ்டத்தில் ஓடும் கம்பெனிகூடக் கொடுக்கலாம்! எந்தக் கட்சிக்குக் கொடுத்தோம் என்று கணக்கில் எழுதவும் தேவை இல்லை. பத்திரம் மூலம் வந்த பணம் பற்றிக் கட்சியும் தேர்தல் கமிஷனிடம் பெயர் சொல்ல வேண்டியது இல்லை.

பத்திரம் விற்றது எப்படி?

2018 ஜனவரியில் விதிகள் வெளியாயின. ஸ்டேட் பாங்கி மட்டும் பத்திரம் விற்கும். விலை ஆயிரம், 10 ஆயிரம், 1 லட்சம், 10 லட்சம், 1 கோடி ரூபாய்.

பணம் கட்டிப் பத்திரம் வாங்க வேண்டும். அதைக் கட்சியிடம் கொடுக்க வேண்டும். கட்சி 15 நாளைக்குள் பாங்கியில் போட்டுப் பணமாக்க வேண்டும். 15 நாள் தாண்டினால், அந்தப் பணம் பிரதம மந்திரி நிவாரண நிதிக்குப் போய்விடும்.

பத்திரத்தில் கொடுத்தவர் பெயர் இருக்காது. வாங்கும் கட்சியின் பெயரும் இருக்காது. ஆனால், கண்ணுக்குத் தெரியாத ஒரு நம்பர் இருந்தது. புற ஊதாக் கதிர் விளக்கில் பிடித்தால் அந்த நம்பர் தெரியும். ஒரு பத்திரிகை நிருபர் பத்திரம் வாங்கி, சோதனைச் சாலையில் கொடுத்துப் பார்த்து, 2018-ல் இதை வெளியிட்டார்.

விற்ற பத்திரங்களின் மொத்த மதிப்பில் 100-க்கு 90-க்கும் மேல் 1 கோடி ரூபாய்ப் பத்திரங்கள். கூலிக்காரர் வாங்குகிற சரக்கா அது?

தேர்தல் கமிஷனுக்கு இது பிடிக்கவில்லை. இது பின்னோக்கிய நடை என்று 2017-லேயே சர்க்காருக்கு எழுதியது. ரிசர்வ் பாங்கியும் ஆட்சேபித்தது. திட்டம் நிற்கவில்லை.

கோர்ட்டில் இரு தரப்பு

ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம், காமன் காஸ் என்ற இரு பொதுநல அமைப்புகள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயின. மார்க்சிஸ்டு கம்யூனிஸ்டு கட்சியும் வழக்குப் போட்டது.

சர்க்கார் தரப்பிலும் ஒரு வாதம் இருந்தது. ஒரு கட்சிக்குப் பணம் கொடுத்தவர் பெயர் வெளியே வந்தால், வேறு கட்சி ஆட்சிக்கு வந்து அவரைப் பழிவாங்கும். அந்தப் பயத்தில்தான் ஜனங்கள் ரொக்கமாகக் கொடுக்கிறார்கள். பெயரை மறைத்தால், பயம் இல்லாமல் பாங்கி வழியாகக் கொடுப்பார்கள். இது அந்த வாதம்.

இதைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. பழிவாங்கல் நம் நாட்டில் இல்லாத ஒன்று அல்ல. ஓட்டை மறைப்பது போல நோட்டையும் மறைத்தால் என்ன என்றுகூடத் தோன்றும்.

ஆனால், ஓட்டுக்கும் நோட்டுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஓட்டு ஆளுக்கு ஒன்று. நோட்டு அப்படி அல்ல. ஓட்டுச் சாவடி மறைப்புக்குள் நடப்பது, ஓட்டுப் போட்டவரைத் தவிர யாருக்கும் தெரியாது. பத்திரம் அப்படியா? கொடுத்த முதலாளிக்குத் தெரியும். கையில் வாங்கிய கட்சித் தலைவருக்குத் தெரியும். விற்ற பாங்கிக்குத் தெரியும். தெரியாதவர் ஒரே ஒருவர். அவர்தான் வாக்காளர்!

தீர்ப்பு

2024 பிப்ரவரி 15. தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் தலைமையில் 5 நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். ஐவரும் ஒரே முடிவு.

தேர்தல் பத்திரத் திட்டம் செல்லாது. கட்சிக்குப் பணம் கொடுப்பவர் யார் என்று அறிவது வாக்காளரின் உரிமை. கம்பெனிகள் வரம்பு இல்லாமல் கொடுக்கலாம் என்ற சட்டமும் செல்லாது. ஆகவே, ஏழரை சதவீத வரம்பு மறுபடியும் உயிர் பெற்றது.

கம்பெனியின் நன்கொடையும் தனி மனிதரின் நன்கொடையும் ஒன்றாகாது என்றும் கோர்ட்டு சொன்னது. கம்பெனி கொடுப்பது பெரும்பாலும் வியாபாரக் கணக்கு. ஏதோ ஒன்று திரும்பக் கிடைக்கும் என்ற நினைப்பில் கொடுப்பது.

1957-ல் சக்ளா கொடுத்த எச்சரிக்கைக்கு 2024-ல் பலன் கிடைத்தது!

பாங்கி கேட்ட அவகாசம்

தீர்ப்போடு ஒரு கட்டளையும் வந்தது. 2019 ஏப்ரல் 12-ந் தேதி முதல் பத்திரம் வாங்கியது யார், பணமாக்கிய கட்சி எது என்று மார்ச் 6-ந் தேதிக்குள் தேர்தல் கமிஷனிடம் கொடுக்க வேண்டும் என்று ஸ்டேட் பாங்கிக்குக் கோர்ட்டு சொன்னது.

பாங்கி மார்ச் 4-ந் தேதி கோர்ட்டுக்கு வந்தது. ஜூன் 30-ந் தேதி வரை அவகாசம் கேட்டது. விற்றவை 22,217 பத்திரங்கள், வாங்கியவர் விவரம் ஒரு இடத்தில், கட்சி விவரம் வேறு இடத்தில், எல்லாம் சீல் வைத்த உறையில் இருக்கிறது, ஒன்றோடு ஒன்று பொருத்த நாள் ஆகும் என்றது.

ஜூன் 30 என்றால், பாராளுமன்றத் தேர்தலே முடிந்து போயிருக்கும்!

மார்ச் 11-ந் தேதி கோர்ட்டு மறுத்துவிட்டது. உறையைப் பிரித்துக் கொடுங்கள், நாளைக்குள் வேண்டும் என்றது. மறுநாள் பாங்கி கொடுத்தது. 14-ந் தேதி தேர்தல் கமிஷன் வெளியிட்டது.

அதிலும் ஒரு குறை. பத்திர நம்பர்கள் இல்லை. நம்பர் இல்லாவிட்டால், யார் பணம் எந்தக் கட்சிக்குப் போயிற்று என்று தெரியாது. கோர்ட்டு மறுபடியும் கண்டித்தது. மார்ச் 21-ந் தேதி நம்பர்களும் வெளியே வந்தன.

தமிழ்நாட்டில் ஓட்டுப் பதிவு ஏப்ரல் 19. நாலே வாரம் இருக்கும்போது, மொய் நோட்டு மக்கள் கைக்கு வந்து சேர்ந்தது.

நோட்டில் இருந்தது என்ன?

5 ஆண்டுகளில் 12 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் பத்திரம் விற்றிருந்தது. அதிகம் பெற்றது மத்தியில் ஆண்ட பா.ஜ.க. அதற்கு வந்தது சுமார் 6 ஆயிரம் கோடி. அடுத்தது மேற்கு வங்காளத்தை ஆண்ட திரிணாமுல் காங்கிரஸ், சுமார் 1,600 கோடி. பிறகு காங்கிரஸ், சுமார் 1,400 கோடி. தமிழ்நாட்டை ஆண்ட தி.மு.க.வுக்கு 600 கோடிக்கு மேல் வந்தது. வழக்குப் போட்ட மார்க்சிஸ்டு கட்சி, பத்திரமே வாங்கவில்லை என்றது.

எல்லோரையும்விட அதிகமாகப் பத்திரம் வாங்கியது யார்? கோவையில் இருந்து நடக்கும் ஒரு லாட்டரிக் கம்பெனி! 1,368 கோடி ரூபாய்க்கு வாங்கி இருந்தது. தமிழ்நாட்டில் 2003-ல் இருந்து லாட்டரிக்குத் தடை. மேற்கு வங்காளத்தில் லாட்டரி நடக்கிறது. அந்தக் கம்பெனியின் பணம் திரிணாமுல் காங்கிரசுக்கும் தி.மு.க.வுக்கும் தலா 500 கோடிக்கு மேல் போயிற்று. பா.ஜ.க.வுக்கும் வேறு கட்சிக்கும்கூடப் போயிற்று.

பணம் கொடுத்த கம்பெனிகளில் சில, பெரிய சர்க்கார் காண்டிராக்ட் பெற்றவை. சிலவற்றின் மீது மத்திய இலாகாக்களின் சோதனை நடந்திருந்தது. பயமுறுத்திப் பணம் வாங்கினார்கள் என்று எதிர்க்கட்சிகள் கூறின. மத்திய மந்திரிகள் மறுத்தார்கள்.

பத்திரம் வாங்கியது அன்றைய சட்டப்படி குற்றம் அல்ல. பணம் கொடுத்தவர் எல்லோரும் லஞ்சம் கொடுத்தார் என்றும் சொல்லிவிட முடியாது. தனி விசாரணைக் குழு வேண்டும் என்று கேட்ட மனுக்களை 2024 ஆகஸ்டு 2-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஏற்கவில்லை. குறை உள்ளவர்கள் சாதாரண சட்ட வழியில் போகலாம் என்று சொல்லிவிட்டது.

இன்னும் உள்ள ஓட்டைகள்

கதை இதோடு முடிந்துவிடவில்லை.

20 ஆயிரம் ரூபாய்க்கு மேல் நன்கொடை கொடுத்தவர் பெயரைத்தான் கட்சிகள் தேர்தல் கமிஷனிடம் சொல்ல வேண்டும். அதற்குக் கீழே கொடுத்தவர் பெயரைச் சொல்ல வேண்டியது இல்லை. பெரிய தொகையைச் சின்னச் சின்னதாக உடைத்துக் கொடுத்தால்?

செலவிலும் ஒரு வாசல் திறந்து கிடக்கிறது. 1952 தேர்தலில் பாராளுமன்ற வேட்பாளர் 25 ஆயிரம் ரூபாய் வரை செலவு செய்யலாம். 2022-ல் அந்த வரம்பு 95 லட்சம் ஆயிற்று. ஆனால், இது வேட்பாளருக்கு மட்டும். கட்சிக்கு வரம்பே இல்லை! வேட்பாளருக்காகக் கட்சி செய்யும் செலவையும் அவர் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 1974-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. உடனே சட்டத்தைத் திருத்தி அந்தத் தீர்ப்பை மாற்றிவிட்டார்கள்.

ஓட்டப் பந்தயத்தில் ஒருவர் வெறுங்காலோடு ஓடுகிறார். இன்னொருவர் மோட்டாரில் போகிறார். இருவருக்கும் கோடு ஒன்றுதான், பந்தயம் நியாயம் என்றால் யார் நம்புவார்கள்?

பாட்டியும் கேட்கலாம்

“நமக்கு எதற்கு இந்தக் கணக்கு?” என்று சிலர் நினைக்கலாம். கோடிக் கணக்கைப் பார்த்தால் தலை சுற்றும்.

ஆனால், கேட்க வேண்டிய கேள்வி சின்னது. ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம், வீட்டுப் பாட்டிகூடக் கேட்கலாம். “உங்கள் கட்சிக்குப் பணம் கொடுத்தது யாரப்பா?”

கட்சிகளின் ஆண்டுக் கணக்கும், நன்கொடை கொடுத்தவர் பட்டியலும் தேர்தல் கமிஷனுக்கு வருகின்றன. கமிஷன் அவற்றை வெளியிடுகிறது. படிக்கத் தெரிந்தவர் பார்க்கலாம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை, தாத்தாவுக்குப் படித்துக் காட்டலாம்.

மறுபடியும் ஓட்டுச் சாவடிக்குப் போவோம். அந்த மறைப்புக்குள் நிற்கும்போது, நம்மை யாரும் பார்க்கக் கூடாது. அது நம் உரிமை.

அங்கே போகும் முன், மொய் நோட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டும். அதுவும் நம் உரிமை. 67 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த உரிமை!